நாற்பதாம் நம்பர் கே

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கவாட்டில் நூல் சுற்றிவருகிற அட்டைக் கோனில் ஒட்டுகிற ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள், இது எப்படி இங்கே வந்தது என்று கேட்பார்கள். என் மகள் என்னைக் கை காட்டுவாள். நான் காப்பி போடுகிற சாக்கில் அடுக்களைக்குள் போய்விடுவேன்.

நான் பி.காம். படித்தவள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து ஒரு நூல் கடையில்தான் வேலை. பில் போடுவது, மூட்டை இறங்கும்போது ரகம் சரிபார்ப்பது, இரண்டும் என் பொறுப்பு. நூலின் பருமனைச் சொல்கிற நம்பருக்குப் பின்னால் ஓர் எழுத்து இருக்கும். நாற்பதாம் நம்பர் சி என்றால் கோம்டு, நன்றாகச் சீவிச் சுத்தம் செய்த உயர்ந்த ரகம். நாற்பதாம் நம்பர் கே என்றால் கார்டட், சாதா ரகம். கே விலை குறைவு, சி விலை கூட. கே மூட்டையை சி விலைக்குத் தள்ளிவிடப் பார்த்த ஏஜெண்டுகள் இரண்டு பேரை நானே பிடித்திருக்கிறேன். கோனைத் தொட்டுக்கூடப் பார்க்க வேண்டாம், ஸ்டிக்கரைப் பார்த்தாலே எனக்குப் போதும். இந்தப் பெருமைதான் என்னைக் கவிழ்த்தது.

என் கணவர் நான்கு விசைத்தறி ஓட்டுகிறார். ஷெட் எங்கள் தெருவுக்குப் பின் தெருவில் இருக்கிறது. போன பங்குனியில், ஆர்டரைச் சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று ஒரு தறியின் மோட்டாரில் சின்னப் புல்லியைக் கழற்றிவிட்டுப் பெரிய புல்லியை மாட்டினார். தறி பறந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் மோட்டாரின் கம்பிச் சுருள் கருகி, கீழே கிடந்த பஞ்சுத் தூசியில் தீப் பிடித்துவிட்டது. அந்த நேரம் பார்த்து, தறி ஓடுவதை போனில் வீடியோ எடுக்க மகள் உள்ளே போயிருந்தாள். நான் சாப்பாட்டுத் தூக்கோடு திருப்பத்தில் வரும்போது ஷெட் வாசல் வழியாகப் புகை வருகிறது. அதற்குள்ளிருந்து அவள் இருமிக்கொண்டே வெளியே வந்து, முகமெல்லாம் கரியோடு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவள் அப்பா மண்ணை அள்ளிப் போட்டு அணைத்துவிட்டார். ஒருவருக்கும் ஒரு காயமும் இல்லை. எல்லாரும் அதை மறந்துவிட்டார்கள். எனக்கு மட்டும் இன்றைக்கும் ஸ்டெபிலைசர் 'டக்' என்றால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். மிக்ஸியை ஒரு நிமிஷத்துக்கு மேல் ஓடவிட மாட்டேன். சட்னி திரிதிரியாக இருக்கிறது என்று இரண்டு பேரும் சொல்லுவார்கள். சாப்பிடட்டும்.

மகள் இந்த வருஷம்தான் கல்லூரி முடித்தாள். கம்ப்யூட்டரில் உருவங்கள் செய்து அசைய விடுவது அவள் படித்த வேலை. ஒரு வளையலைச் செய்தாள் என்றால் அது வெளிச்சத்தில் திரும்பித் திரும்பி மின்னும், நகைக்கடை விளம்பரம்போல இருக்கும். கோயம்புத்தூரில் ஒரு கம்பெனி அவளை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. வீட்டிலிருந்தே செய்யலாம் என்றும் சொன்னார்கள், ஆனால் ஒரு நிபந்தனை. புதன்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு ஃபைல் அனுப்புவார்கள். அதைப் படமாக முடித்து இரண்டு மணிக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அந்தத் திராணி இல்லையென்றால் வேலை வேறு ஆளுக்கு. எங்கள் பழைய கம்ப்யூட்டர் அந்த மாதிரி ஃபைலுக்கு ஒன்பது மணி நேரம் எடுத்துக்கொள்ளும்.

அதனால் புது பிராசஸரும் மதர்போர்டும் வேண்டும் என்று ஆனது. மற்றதெல்லாம் பழையதை வைத்தே ஓட்டிக்கொள்ளலாம் என்றாள். கையில் முப்பத்தைந்தாயிரம்தான் இருந்தது. பத்து நாள் எங்கள் வீட்டில் சாப்பாட்டுப் பேச்சே இதுதான்.

"கிராபிக்ஸ் கார்டு வாங்க நமக்கு வழியில்லப்பா. அதனால பிராசஸரையே முடுக்கி விட்டுத்தான் வேலைய வாங்கணும். ஓவர்கிளாக்னு சொல்லுவாங்க."

"அப்படின்னா என்னட்டி?" என்றார் அவள் அப்பா.

"கம்பெனிக்காரன் இவ்வளவு வேகம் ஓடும்னு ஒரு கணக்கு வச்சு அனுப்புவான். நாம அதுக்கு மேல கொஞ்சம் ஏத்தி ஓட்டுறது."

"ஓ, மோட்டார்ல புல்லி மாத்துற மாதிரி."

"அதேதான்பா."

சொன்ன பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். நான் ரசத்தைக் கலக்கிக்கொண்டே இருந்தேன்.

"சூடாகுமா?" என்று மட்டும் கேட்டேன்.

"ஆகும்மா. அதுக்குத்தான் தனியா ஒரு கூலர் வாங்கி மேல மாட்டுறது. போர்டும் அதுக்குத் தக்கனதா இருக்கணும். கரண்டு வார இடத்துல தடிச்ச தகடு போட்டிருப்பான், அந்தப் போர்டுதான் சூட்டத் தாங்கும்."

"தாங்கலன்னா?"

"தானா நின்னுரும்மா. தீயெல்லாம் பிடிக்காது."

"உங்க அப்பாவும் இதையேதான் சொன்னாவ."

அவர் தட்டை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டார்.

மகள் தேர்வு செய்த விதத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவள் சும்மா ஆசைப்பட்டுக் கேட்கவில்லை. ஒரு கம்பெனியின் பிராசஸர்கள் எல்லாமே வேகம் ஏற்றத் தோதானவை, ஆனால் அதன் புதுப் போர்டில் எங்கள் பழைய மெமரி சேராது, அதையும் புதிதாக வாங்க வேண்டும், பட்ஜெட் எகிறிவிடும். இன்னொரு கம்பெனியின் போர்டில் பழைய மெமரி சேரும். ஆனால் அவன் பாதி பிராசஸர்களைப் பூட்டித்தான் விற்பான், பூட்டில்லாததை மட்டும்தான் ஏற்ற முடியும். போர்டிலும் அப்படியே, இசட் என்று ஆரம்பிக்கிற போர்டு ஏற்றவிடும், பி என்று ஆரம்பிப்பது விடாது. பூட்டில்லாத பிராசஸர், இசட் போர்டில் இருப்பதிலேயே விலை குறைந்தது, ஒரு நடுத்தரக் கூலர். மூன்றும் சேர்ந்து கையிலிருக்கிற பணத்துக்குள் அடங்குகிறாற்போல, பத்து நாள் ஒவ்வொரு கடை விலையாகப் பார்த்துப் பார்த்து ஒரு பட்டியல் போட்டாள். திருநெல்வேலியில் ஒரு கடையில் பேசியும் வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை கிளம்ப வேண்டியவள், வெள்ளிக்கிழமை காலையில் இரண்டு கண்ணும் தக்காளிப்பழமாகச் சிவந்து எழுந்து உட்கார்ந்தாள். கண்வலி. தெரு முழுக்க இருந்தது, எங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டது. அவள் அப்பா கோயில் புற்றுமண்ணை நெற்றியில் பூசிவிட்டு, தன்னுடைய பெரிய கறுப்புக் கண்ணாடியையும் மாட்டிவிட்டார். அந்தக் கோலத்தில் அவளை எந்த பஸ்ஸில் ஏற்றுவார்கள்?

"நீ போயிட்டு வாம்மா. நான் எழுதித் தாரேன்."

"எனக்கு என்னட்டி தெரியும்?"

"நூல் மூட்டைய வாங்குற மாதிரிதான. நம்பரப் பாத்து வாங்கணும், அவ்வளவுதான்."

அவளே சொன்னாள். இதை நான் அப்புறம் பல தடவை அவளுக்கு நினைவூட்டியிருக்கிறேன்.

ஒரு கண்ணை மூடிக்கொண்டு அவள் எழுதிய சீட்டை பஸ்ஸில் எடுத்துப் பார்த்தேன். பிராசஸரின் நம்பர் நீளமாக இருந்தது. கடைசியில் ஒரு கே.

எனக்குப் பாவமாகிவிட்டது. பணம் போதாது என்று பிள்ளை சாதா ரகத்தைப் பார்த்து எழுதியிருக்கிறாள், நம்மிடம் வாயைத் திறந்து சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டேன். மானூர் தாண்டும் வரைக்கும் அதே நினைப்பு. கழுத்துச் சங்கிலியை அடகு வைத்தாவது சி வாங்கிக் கொடுத்திருக்கலாமே என்றுகூடத் தோன்றியது.

கடையில் கூட்டம். கம்ப்யூட்டர் கடைக்கு இவ்வளவு பேர் வருவார்கள் என்று எனக்குத் தெரியாது. சீட்டை வாங்கிப் பார்த்தவருக்கு என் வயதுதான் இருக்கும். போர்டை எடுத்துவரச் சொல்லி உள்ளே குரல் கொடுத்துவிட்டு, இரண்டு பிராசஸர் பெட்டிகளை என் முன்னால் வைத்தார்.

"அக்கா, இதே நம்பர்ல கே இல்லாததும் இருக்கு. எது வேணும்?"

"வெல?"

"கே உள்ளது கூட. ஃபேன் வராது, தனியா வாங்கணும். கே இல்லாதது வெல கம்மி. ஃபேனும் பெட்டிக்குள்ளயே இருக்கு."

எனக்குள் நூல் கடைக்காரி விழித்துக்கொண்டாள். கார்டட்டுக்கு விலை கூடவா? அதுவும் ஃபேன் இல்லாமல்? எத்தனை ஏஜெண்டுகளைப் பார்த்தவள் நான். இவர் நல்ல முகமாகத்தான் இருக்கிறார், ஆனால் மட்ட ரகம் தேங்கிப்போய்க் கிடக்கிறது போலிருக்கிறது, அதைத் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று முடிவு செய்தேன்.

"கே இல்லாததே குடுங்க" என்றேன், எல்லாம் தெரிந்த குரலில்.

அவர் பெட்டியை எடுத்தபடியே கேட்டார். "ஸ்பீடு ஏத்துற ஐடியா ஏதும் இருக்காக்கா?"

இந்த இடத்தை நான் மறைக்காமல் எழுத வேண்டும். அவர் கேட்டதும் எனக்கு ஷெட் வாசலில் வந்த புகைதான் கண்ணுக்கு முன்னால் வந்தது. அந்தக் கேள்விக்கும் கையிலிருக்கிற பெட்டிக்கும் சம்பந்தம் உண்டு என்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. ஆனால் வாய் சொல்லிவிட்டது.

"இருக்க ஸ்பீடே போதும்."

"அப்ப இந்தப் போர்டு எதுக்குக்கா, பி போர்டே..."

"சீட்டுல உள்ள போர்டக் குடுங்க. கூலர் வேண்டாம், அதான் ஃபேன் இருக்கே."

மிச்சப் பணத்தைப் பார்த்ததும் எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டில் மகளுக்கு அளவான ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கிக்கொண்டு ஊருக்கு பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வந்தபோது சாயங்காலம். அவளுக்குப் பொறுக்கவில்லை. நான் கை கால் கழுவிவிட்டு வருவதற்குள் பெட்டிகளின் சீலைக் கிழித்து, கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்து, பிராசஸரைப் போர்டில் உட்கார வைத்துவிட்டாள். அதன் பிறகுதான் அட்டைப்பெட்டியை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் எழுத்தைப் படித்தாள்.

"அம்மா, கே எங்க?"

"அது மட்ட ரகம் மக்கா. நான் நல்லதா வாங்கிட்டு வந்திருக்கேன்" என்றேன். "வெலயும் கம்மி."

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். சிவந்த கண்ணால் அவள் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க மாட்டேன்.

கேதான் பூட்டில்லாததற்கு அடையாளம் என்று பிறகு சொன்னாள். நான் வாங்கி வந்தது பூட்டிய பிராசஸர். அதை எந்த இசட் போர்டில் வைத்தாலும் ஏற்ற முடியாது. ஆக, போர்டுக்குக் கொடுத்த கூடுதல் பணமும் வீண். பிராசஸரின் சீலைக் கிழித்து மாட்டியும் ஆகிவிட்டது. கடைக்காரரைப் போனில் கூப்பிட்டோம். போர்டில் ஒரு கீறல் இல்லாமல் கொண்டுவந்தால் மாற்றித் தருகிறேன், சீல் கிழித்த பிராசஸரை மட்டும் கேட்காதீர்கள் என்றார்.

போனை வைத்துவிட்டு மகள் என்னிடம் திரும்பினாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"வேணும்னுதான வாங்குன?"

"என்னட்டி சொல்லுத?"

"புல்லி மாத்துற மாதிரின்னு என்னைக்கு அப்பா சொன்னாவளோ, அன்னையிலேருந்தே உனக்குப் பயம். வேண்டாம்னு நேரா சொல்லிருக்கலாம்லா? பூட்டி வாங்கிட்டு வந்துட்ட."

அவள் அப்பா குறுக்கே வந்தார். "அவளுக்கு அவ்வளவு வெவரமெல்லாம் கிடையாது மக்கா." எனக்காகப் பேசுகிறாராம்.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு நேராக நூல் கடைக்குப் போனேன். சாத்துகிற நேரம். குடோனில் ஒரு கே கோனையும் ஒரு சி கோனையும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்து, அவள் முன்னால் வைத்தேன்.

"இது நாப்பது சி. இது நாப்பது கே. ரெண்டையும் தடவிப் பாரு."

தடவிப் பார்த்தாள். அவளும் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைதான். கே கோனில் விரல் சொரசொரவென்று பட்டதும் நின்றாள். ஸ்டிக்கரைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். பிராசஸர் பெட்டியைப் பார்த்தாள். மறுபடியும் கோனைப் பார்த்தாள்.

"அப்ப நீ... பிராசஸர்ல கார்டட், கோம்டுன்னு..."

அதற்கு மேல் பேச முடியாமல் சிரித்தாள். கண்வலிக்காரி சிரித்தால் கண்ணிலிருந்து தண்ணீராக ஊற்றுகிறது. அவள் அப்பா கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்திருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். என்னால் முடியவில்லை. கடைக்காரர் கேட்ட கேள்வியைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

"ஆனா ஒண்ணு மக்கா" என்றேன். "ஸ்பீடு ஏத்துவீங்களான்னு அவர் கேட்டாரு. இருக்கதே போதும்னு சொல்லிட்டேன். உனக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். போன் கையிலதான் இருந்துச்சு."

சிரிப்பு நின்றது.

"ஏன் போடல?"

"போட்டா நீ ஏத்தணும்னு சொல்லுவேல்லா. அன்னைக்கு நீ கரியப் பூசிட்டு வெளிய வந்து சிரிச்ச. அது இன்னும் என்ன விட்டுப் போகல."

அவள் கே கோனை எடுத்து அதிலிருந்த ஸ்டிக்கரை நகத்தால் மெதுவாக உரித்தாள். கிழியாமல் வந்தது. கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கவாட்டில் வைத்து அழுத்தி ஒட்டினாள்.

"இப்ப இதுவும் கே பிராசஸர்தான்" என்றாள். "சரி, போர்ட மாத்தி என்ன வாங்கலாம்னு பாப்போம். நேரம் இல்ல."

அங்கேயே உட்கார்ந்து அவளும் அப்பாவும் புதிதாக யோசித்தார்கள். பூட்டிய பிராசஸருக்குப் பி போர்டே போதும். போர்டில் மிச்சமாவதையும் கூலருக்கு வைத்திருந்ததையும் சேர்த்தால், பழைய மெமரிக்கு ஜோடியாக இன்னொன்று வாங்கலாம். அந்த ஃபைலுக்குப் பழைய மெமரி எப்படியும் போதாது, இடம் இல்லாமல் பாதியில் திணறும், அதைத்தான் வேகத்தால் சமாளிக்கப் பார்த்தேன் என்றாள் மகள். "கணக்குப் பாத்தா நாலு மணி நேரத்துக்குப் பக்கத்துல வருது. முன்ன பின்ன ஆகலாம்."

திங்கள்கிழமை கடைக்கு லீவு சொல்லிவிட்டு மறுபடியும் நான்தான் போனேன். இந்தத் தடவை கவுண்டருக்கு வந்ததும் போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்துவிட்டேன். கடைக்காரரும் மகளும் நேராகப் பேசிக்கொண்டார்கள். நான் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் அவர், "அக்கா வேற ஏதும் மாத்தச் சொல்லுதாவளா?" என்று கேட்டார். போனுக்குள்ளிருந்து மகள், "அவங்கள எதையும் தொட விடாதீங்க அண்ணாச்சி" என்றாள். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு ஃபைல் வந்தது. அவள் ஒரு பொத்தானை அமுக்கியதும் பெட்டிக்குள் ஃபேன் உறுமத் தொடங்கியது. அவள் அப்பா தறியை ஓடவிட்டுவிட்டு, அரை மணிக்கு ஒரு தடவை வந்து, மோட்டாரைத் தொட்டுப் பார்ப்பதுபோலப் பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டுப் போனார். நான் அரை நாள் லீவு. டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தேன். அவள் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில், புற்றுமண் ஒரு துளி எடுத்துப் பெட்டியின் மூலையில் வைத்தேன்.

"தூசி உள்ள போகும்மா" என்றாள் திரும்பி வந்து. ஆனால் துடைக்கவில்லை.

பன்னிரண்டு மணிக்குப் பாதி தாண்டவில்லை. ஒரு மணிக்கு முக்கால். திரையில் கட்டம் கட்டமாகப் படம் நிரம்பிக்கொண்டிருந்தது. மகள் நகத்தைக் கடித்தாள். எனக்கு அப்போது தோன்றியது இதுதான்: இன்னும் கொஞ்சம் வேகமாகப் போனால் என்ன, தடியா. நானே அப்படி நினைத்துவிட்டேன். சூடு, புகை எதுவும் ஞாபகம் வரவில்லை. பெட்டியைப் பிடித்துத் தள்ளிவிடலாம்போல இருந்தது.

ஒன்று நாற்பத்தேழுக்கு முடிந்தது. அனுப்பி முடிக்கும்போது இரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. வெள்ளிக்கிழமை வேலை உறுதி என்று மெயில் வந்தது. அன்றைக்கு மிக்ஸியை இரண்டு நிமிஷம் ஓடவிட்டேன். சட்னியைத் தொட்டு நாக்கில் வைத்த அவள் அப்பா, "எந்தக் கடையில வாங்குன?" என்று கேட்டார்.

இதெல்லாம் நடந்து நான்கு மாதம் ஆகிறது. மகள் இப்போது திரையின் மூலையில் பெட்டிக்குள் எத்தனை டிகிரி சூடு என்று காட்டுகிற ஒரு சின்ன எண்ணை வைத்துக் கொடுத்திருக்கிறாள், எனக்காக. வேலைக்குக் கிளம்பும்போது அதைப் பார்த்துவிட்டுப் போவேன், வந்ததும் பார்ப்பேன். எழுபதுக்கு மேல் போய் நான் பார்த்ததில்லை.

போன வாரம் அவள் சொன்னாள்: "அடுத்த மாசம் கேயும் இசட் போர்டும் வாங்கப் போறேம்மா. கூலரும் பெருசா பாத்து வச்சிருக்கேன். ஆனா நீ சரின்னு சொன்னாத்தான் ஸ்பீடு ஏத்துவேன். அதுவரைக்கும் சும்மா ஓடட்டும்."

"எத்தன டிகிரி வரும்?"

"எண்பது. கூடப்போனா எண்பத்தஞ்சு."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இன்னும் சொல்லவில்லை. ஆனால் நேற்று கடையில் கே மூட்டை இறங்கும்போது, ஒரு கோனை எடுத்து ஸ்டிக்கரைக் கிழியாமல் உரித்து, பர்ஸுக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டேன். புதுப் பிராசஸருக்கும் ஒன்று வேண்டுமே.